நாகஜோதி தூவிய பொடி

நாகஜோதியைப் பற்றி யார் பேச்சை எடுத்தாலும் அவளுடைய பயத்தில்தான் ஆரம்பிப்பார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். இடிக்குப் பயம், மாட்டுக்குப் பயம், பூனை குறுக்கே போனால் அன்றைக்கு முழுக்கப் பயம். அத்தை மகன் முனீஸைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்த புதிதில் குமரன் ரோட்டைக் கடப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். "இவ இந்தப் பக்கம் நின்னு யோசிக்கிறதுக்குள்ள அந்தப் பக்கத்துக் கடைக்காரன் கடையவே சாத்திட்டுப் போயிருவான்" என்று முனீஸ் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரித்துக்கொள்வாள்.

பயந்தவளைக் கேலி செய்வது சுலபம். அந்தப் பயத்தால்தான் அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நல்ல பெயர் வாங்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு செக்கிங் டேபிளில் வேலை. ட்யூப் லைட்டுக்குக் கீழே பனியனை விரித்துப் போட்டு, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுது கண்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு தடவை பார்த்துத் தள்ளுவதை இவள் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை பார்ப்பாள். விட்டுப்போயிருக்குமோ என்ற பயம்தான். சூப்பர்வைசர் அதற்குக் கவனம் என்று பெயர் வைத்திருந்தார்.

2009ஆம் வருஷம் ஆடி மாதம், முனீஸ் விழுந்தான். அவன் வேறொரு கம்பெனியில் துணி ரோல்களைத் தோளில் சுமந்து மாடியில் இருக்கும் கட்டிங் ஹாலுக்கு ஏற்றுகிற வேலை பார்த்தான். மழை நாளில் படி வழுக்கிவிட்டது. அவன் கீழே, ரோல் மேலே. எழுந்திருக்கப் பார்த்தவனுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. கம்பெனி வண்டியிலேயே கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முதுகுத் தண்டில் ஒரு எலும்பு நொறுங்கியிருக்கிறது, கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து நிறுத்தினால் நடப்பான் என்றார் டாக்டர்.

ஸ்க்ரூ என்ற சொல்லைக் கேட்டதும் நாகஜோதிக்கு வீரணன் முகம்தான் கண்முன் வந்தது. வீரணன் அவர்கள் ஊர்க்காரன். திருப்பூரில் அடுத்த தெருவில் குடியிருந்தான். அவனுக்கும் முதுகில் இப்படித்தான் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் புண்ணில் கிருமி தொற்றிச் சீழ் பிடித்தது. திறந்து கழுவினார்கள், மறுபடி திறந்து கழுவினார்கள், கடைசியில் வைத்த ஸ்க்ரூவையெல்லாம் கழற்றினார்கள். அவன் கட்டிலோடு கட்டிலாகிப்போனான். நாகஜோதி ஒரு தடவை அவனைப் பார்க்கப் போயிருந்தாள். அந்த அறை வாசலில் வந்த நாற்றம் அவள் மூக்கிலேயே தங்கிவிட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அதனால் டாக்டரிடம் அவள் முதலில் கேட்டது வேறு எதுவும் இல்லை.

"சீழ் புடிக்குமாங்கய்யா?"

நடப்பாரா, வேலைக்குப் போவாரா என்று கேட்பவர்களையே பார்த்துப் பழகிய டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வீரணன் கதையைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எந்த ஆபரேஷன்லயும் அந்த பயம் உண்டுங்கம்மா. இல்லைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஊசியில மருந்து குடுப்போம். அது போக, ஸ்க்ரூ எல்லாம் வெச்சு முடிச்சு, தைக்கறதுக்கு முன்னாடி, கிருமியைக் கொல்ற மருந்தைப் பவுடராவே உள்ள தூவி விட்டுருவோம். மருந்து அந்த இடத்துலயே நின்னு வேலை செய்யும். கொஞ்ச நாளாத்தான் இப்படிப் பண்றோம். நல்லாத்தான் இருக்குது. ஆனா பவுடர் போட்டாச்சுன்னு நீங்க அசந்து இருந்துரக் கூடாது. நீர் கசிஞ்சாலோ, செவந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ அன்னைக்கே கூட்டிட்டு வரணும். கட்டை நீங்களாப் பிரிக்கவே கூடாது."

பயந்தவர்களின் காதுக்கு ஒரு குணம் உண்டு. ஆறுதல் எங்கே முடிகிறதோ அங்கேயே அதுவும் மூடிக்கொள்ளும். உள்ளே பொடி தூவுவார்கள் என்பது நாகஜோதியின் மனதில் கல்வெட்டாகப் பதிந்தது. அதற்கு அப்புறம் அவர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. பொடியைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன? கம்பெனியில் பவர் டேபிள் தையல் மெஷின் ஊசி விரலில் இறங்கினால் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. மருந்துக் கடை கேப்சூலைப் பிரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடியை ரத்தத்தின் மேல் கொட்டி, பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்து ஒரு கட்டுக் கட்டிக்கொண்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். பெரிய டாக்டரும் அதையேதான் செய்கிறார் என்று தெரிந்ததும் அவளுக்கு அவர்மேல் ஒரு சொந்தபந்தப் பாசமே வந்துவிட்டது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. முனீஸின் கால் விரல்கள் அசைந்தன. பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தான். தையல் பிரிக்க வருகிற நாளைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் அவர்கள் குடியிருந்தார்கள். வீட்டுக்காரம்மா சாரதாமணி இந்த ஊர்க்காரர். சத்தமான பேச்சு, இளகின மனசு. கட்டிலைத் தன் வீட்டிலிருந்து தூக்கி வரச் சொல்லிப் போட்டுக் கொடுத்ததே அவர்தான். முனீஸ் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தான். முதுகில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பிளாஸ்திரி. நாகஜோதி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவன் பக்கத்திலேயே இருந்தாள்.

இருந்தவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பத்து வருஷமாகப் பழுது தேடின கண் எப்படிச் சும்மா இருக்கும்? பிளாஸ்திரிக்குக் கீழே என்ன நடக்கிறதோ என்ற நினைப்பு அவளைத் தின்றது. முதல் நாள் காலையில், அவன் அசந்திருந்தபோது, ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். ஓவர்லாக் மெஷினில் அடித்த மாதிரி தையல் நேராக, காய்ந்து இருந்தது. "கருப்பா, உனக்குக் கோடி புண்ணியம்" என்று மறுபடி ஒட்டிவிட்டாள். மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாள் காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. தூக்கித் தூக்கி ஒட்டியதில் பிளாஸ்திரியின் பசை போய், ஓரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்தாள்.

ஒரு காலையில் தையலின் அடி முனையில் ஈரம் தெரிந்தது. ஒரு சொட்டுதான். லேசான மஞ்சள்.

கம்பெனியில் குண்டூசி முனையளவு கறை தெரிந்தாலும் அம்புக்குறி ஒட்டி ஊரைக் கூட்டுகிறவள், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. சொன்னால் திரும்ப ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்குப் போனால் திறப்பார்கள். திறந்தால் வீரணன். அவள் மனசு இந்த மூன்று படியையும் ஒரே தாவில் இறங்கிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்குப் பேய் எதிரே நின்றது. ஆனால் அதைப் பார்க்காத மாதிரி நடித்தால் போய்விடும் என்று நம்பினாள்.

"என்ன புள்ள, முதுகுல கை வச்சுக்கிட்டு நிக்கிற?" என்று முனீஸ் அந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே கேட்டான்.

"ஒண்ணுமில்ல மாமா. வேர்க்குரு. பவுடர் போட்டு விடுறேன்."

தெருமுனை மருந்துக் கடையில் கேப்சூல் வாங்கி வந்தாள். முறுக்கிப் பிரித்து, பொடியை ஈரத்தின்மேல் தூவினாள். உள்ளே இருக்கும் பொடிக்கு வெளியே ஒரு துணை இருக்கட்டும் என்பது அவள் கணக்கு. மேலே, கம்பெனியிலிருந்து எப்போதோ கொண்டுவந்து வைத்திருந்த புதுப் பனியன் துணியை வெட்டி வைத்து ஒட்டினாள். பிளீச்சிங் போய் வந்த துணி, பாலாய் வெளுத்திருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நினைத்தால் யாரால் என்ன செய்ய முடியும்?

மறுநாள் பார்த்தால் ஈரம் இல்லை! பொடி இறுகிப் பொருக்காகி, தையல் முனை வெள்ளைவெளேரென்று காய்ந்திருந்தது. நாகஜோதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு முனீஸுக்குக் கோழிக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். பொருக்கின்மேல் இன்னும் கொஞ்சம் பொடி தூவினாள். அதற்கடுத்த நாளும் தூவினாள்.

கோழிக் குழம்பை முனீஸ் பாதிக்கு மேல் தின்னவில்லை. வாய் கசக்கிறது என்றான். இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். நாகஜோதியும் மேலே கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அந்த ஒற்றை அறையில் இரண்டு பேரும் மழையைப் பற்றியும், பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நின்றுபோன நேரங்களில் அவள் மூக்கில் லேசாக ஒரு வாடை வந்தது. சாக்கடை வாடை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள்.

ரசம் கொண்டுவந்த சாரதாமணி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏங்கண்ணு, பட்டப்பகல்ல எதுக்கு இத்தன ஊதுபத்தி?"

"சும்மாதான்க்கா."

சாரதாமணி உள்ளே வந்து முனீஸின் நெற்றியில் புறங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். அவன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"அட சாமி, மேலு அடுப்பாட்டம் கொதிக்குது! இத வெச்சுட்டு நீ பத்தி கொளுத்திட்டு உக்காந்திருக்கறயா? இது ஊட்டுல வெச்சுப் பாக்கற காரியமில்ல கண்ணு. பொறப்படு."

"தையல் பிரிக்கப் போற நாள் பக்கத்துல வந்துருச்சுக்கா. அன்னைக்கே…"

"அன்னைக்கு வரைக்கும் அவரு இருக்க வேண்டாமா?"

சாரதாமணிக்கு எதையும் மென்று முழுங்கத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையில் நாகஜோதி ஓவென்று அழுதுவிட்டாள். அதற்குள் அவர் தெருவுக்குப் போய் மாருதி வேன் ஒன்றைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவிநாசி தாண்டிக் கோயம்புத்தூர் ரோட்டில் வேன் போனது. பின் சீட்டில் முனீஸ் ஒருக்களித்துக் கிடந்தான். அவன் தலை நாகஜோதியின் மடியில் இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் அவன் பல்லைக் கடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த சாரதாமணி அவிநாசியப்பனையும் பழனி முருகனையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நாகஜோதிக்கு எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை. டாக்டர் அன்று சொன்னதில் காற்றோடு போனதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நீர் கசிந்தால். சிவந்தால். காய்ச்சல் அடித்தால். அன்றைக்கே. தான் கொன்றுவிட்டோம் என்றே அவள் நினைத்தாள். மடியில் கிடப்பவனின் காலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அது அசைகிறதா, வண்டி குலுங்குவதில் ஆடுகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு பிளாஸ்திரியை எடுத்தார். பனியன் துணி சதையோடு ஒட்டியிருந்தது. உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்ததும் அந்தப் பொருக்கு தெரிந்தது. இரண்டு பக்கமும் தோல் சிவந்து வீங்கியிருந்தது. டாக்டர் பொருக்கின் ஓரத்தை லேசாக அழுத்தினார். மஞ்சளாகப் பீச்சிக்கொண்டு வந்தது. நாகஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதே நாற்றம்.

"இது மேல என்ன போட்டீங்க?"

அவள் முனீஸின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கறேன்ல? இது நாங்க போட்டதில்ல. என்ன போட்டீங்க, யார் போட்டது?"

குப்புறக் கிடந்த முனீஸ் தலையைத் தூக்கினான்.

"நாந்தாங்கய்யா போடச் சொன்னேன். கேப்சூல் பொடி. அவ மாட்டேன்னுதான் சொன்னா."

நாகஜோதி திகைத்துப்போய் அவனைப் பார்த்தாள். வேர்க்குருப் பவுடர் என்றல்லவா அவனிடம் சொல்லியிருந்தாள்?

"இல்லங்கய்யா," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "அவருக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தான். கட்டத் தூக்கிப் பாத்ததும் நாந்தான். தெனமும் பாத்தேன். ஈரத்தப் பாத்துட்டுப் பயந்துக்கிட்டு நாந்தான் தூவுனேன். நீங்களும் பவுடர்தானய்யா போட்டீங்க?"

டாக்டருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"யார் தப்புங்கறது எனக்கு வேண்டாம்மா. என்ன மருந்துன்னு தெரியணும், எத்தனை நாளாப் போட்டீங்கன்னு தெரியணும். நாங்க போட்டது கிருமி வர்றதுக்கு முன்னாடி. ஆபரேஷன் தியேட்டர்ல, சுத்தமான கையால, உள்ளுக்குள்ள. நீங்க போட்டது கிருமி வந்தப்புறம், மேல. அது எறுகி மூடி போட்ட மாதிரி ஆயிருச்சு. வெளிய வர வேண்டிய சீழ் உள்ளயே தேங்கிருச்சு. எவ்வளவு தூரம் போயிருக்குதுன்னு திறந்து பாத்தாத்தான் தெரியும்."

"ஸ்க்ரூ வரைக்கும் போயிருந்தா?"

"போயிருந்தா அப்பப் பேசிக்கலாம்."

முனீஸை உள்ளே கொண்டுபோனதும் கதவு மூடியது. நாகஜோதி தியேட்டருக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது, அதில் உட்காரத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. சாரதாமணி முட்டி வலியோடு தானும் தரையில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்து யார் வெளியே வந்தாலும் நாகஜோதி அவர்கள் கையைப் பார்த்தாள். ஒரு நர்ஸ் தட்டோடு வேகமாகப் போனாள். தட்டில் இருப்பது கழற்றிய ஸ்க்ரூதான் என்று நாகஜோதி தீர்மானம் செய்துகொண்டு அழுதாள். அது வேறு யாருடைய மருந்தோ.

டாக்டர் வெளியே வந்தபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அவரே குனிந்து சொன்னார்.

"தோலுக்குக் கீழ இருந்ததெல்லாம் சீழ்தான். சுத்தமா எடுத்துக் கழுவியாச்சு. ஆனா அதுக்குக் கீழ சதைக்கு மேல இருக்கற உறையச் சேத்துத் தச்சிருந்தோம், அந்தத் தையல் விடல. ஆழத்துக்குப் போகலைங்கம்மா. ஸ்க்ரூவ எடுக்க வேண்டியதில்ல."

"நீங்க உள்ள தூவுன பொடி காப்பாத்திருச்சுங்களாய்யா?"

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அதனாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எந்தப் பொடியும் காப்பாத்தியிருக்காது. இனி ஊசி மருந்து நிறைய நாள் போகணும். மறுபடி கழுவ வேண்டி வந்தாலும் வரும். இப்போதைக்குத் தப்பிச்சிருக்கு, அவ்வளவுதான் சொல்ல முடியும்."

இப்போதைக்கு என்ற சொல் மற்ற நாளாக இருந்தால் அவள் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். அன்றைக்கு அந்த ஒரு சொல்லே அவளுக்குப் போதுமாக இருந்தது. டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வார்டில் முனீஸ் முழித்துக்கொண்டு கிடந்தான். கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நாகஜோதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள்.

"கேப்சூல் பொடின்னு ஒனக்கு எப்பிடி மாமா தெரியும்?"

"வேர்க்குருப் பவுடர்னா மணக்காதாக்கும்? கேப்சூலத் திருகிப் பிரிக்கிற சத்தம் எனக்குக் கேக்காதா? எத்தன தடவ என் காலுக்கே போட்டுருக்கேன்." அவன் ட்ரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தான். "ஈரத்த ஒனக்கு முந்தியே நான் பாத்துட்டேன் புள்ள. நீ பாக்குறதுக்கு முந்தின ராத்திரி. விரிப்புல பட்டுருந்துச்சு. தொட்டு மோந்து பாத்தேன். வீரணன் வீட்டு வாடை. நீ பாத்துறக் கூடாதுன்னு போர்வைய இழுத்துப் போட்டு அது மேலயே படுத்துக்கிட்டேன்."

"ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா நீ பயந்துருவேன்னுதான்…" என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். கண்ணை மூடிக்கொண்டான். "இல்ல புள்ள. ஒன்னையச் சொல்லி என்ன. எனக்குத்தான் பயம். மறுபடி தெறப்பாங்கன்னு பயம். நீ பொடி தூவவும், சரி, இதுலயே சரியாப் போயிரட்டும்னு மூச்சுக் காட்டாமக் கெடந்தேன்."

கல்யாணமான நாளிலிருந்து பயம் என்ற சொல்லை அவன் தனக்காகச் சொல்லி அவள் கேட்டதில்லை. ஒரு கட்டிலில் கிடந்தவனும் அதன் பக்கத்தில் நின்றவளும் ஒரே நாற்றத்தை முகர்ந்துகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்ததை அவள் நினைத்துப் பார்த்தாள். "பாவி மனுசா" என்று அவன் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

கட்டு மாற்ற நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்தாள். "கூட இருக்கறவங்க வெளிய போங்க" என்றாள்.

முனீஸ் நாகஜோதியின் கையைப் பிடித்தான். "போகாத. எனக்குப் பயமா இருக்கு."

நர்ஸ் இரண்டு பேரையும் பார்த்தாள். "சரி, தள்ளி நில்லுங்க. எதையும் தொடாதீங்க" என்றாள். நாகஜோதி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கட்டு ஒவ்வொரு சுற்றாக அவிழ்ந்தது. அவள் கண்ணை மூடப் போனாள்.

"என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு ஜோதி," என்றான் அவன், தலையணையில் முகத்தைப் புதைத்தபடி. "நல்லதோ கெட்டதோ, மறைக்காம சொல்லு."

அவள் பார்த்தாள்.

"செவப்பு இருக்கு மாமா. அடியில ஒரு குழி இருக்கு, என் விரல் போற அளவு. ரத்தம் கொஞ்சம் கசியுது. மஞ்சளா ஒண்ணும் இல்ல." குனிந்து மூச்சை இழுத்தாள். "நாத்தம் இல்ல. மருந்து வாடதான்."

தலையணைக்குள் முனீஸ் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளும் அவனிடம் மறைக்காமல் சத்தமாக அழுதாள்.